திங்கட்கிழமைப் பாடு

மீன் விற்கிறவளுக்குச் சந்தேகம் இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. ஐஸ் பெட்டியில் மேலே இருக்கிற இறால்தான் கீழேயும் இருக்கிறதா, எடை போடுகிறவர் தராசை விரலால் தொடுகிறாரா என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள் நான். ப்ளஸ் டூ வரை படித்ததால் எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் என் வேலை. மனு எழுதுகிறவளுக்குச் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூடும். அதனால், என் வீட்டுக்காரரின் கையைத் தைத்துக் கெடுத்த டாக்டர் ஒருநாள் ஆப்பிள் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றபோது, நான் முதலில் அந்தப் பையைத்தான் பார்த்தேன்.

நான்கு மாதத்துக்கு முன்புதான் அவர்மேல் திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருந்தோம். எங்களைப் பொய்யர்கள் என்று வக்கீல் மூலம் பதில் அனுப்பியவர் அவர். இப்போது என்னை "அம்மா" என்றார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரரின் வலது கையைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் மிச்சம்.

அவர் சொன்னதன் சாரம் இது. டாக்டர்கள் தொழிலில் தப்பு செய்தால் நஷ்டஈடு கொடுக்க அவர்களுக்கென்று ஒரு இன்சூரன்ஸ் இருக்கிறது. அவரும் எடுத்திருந்தார். கம்பெனியையும் வழக்கில் சேர்த்தாயிற்று. ஆனால் கம்பெனி கையை விரித்துவிட்டது. கம்பெனி கொடுக்காவிட்டால் தன்னிடம் ஒன்றும் கிடையாது, க்ளினிக்கே வாடகைக் கட்டடம், மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்றார்.

"இப்போ நீங்களும் நானும் ஒரே பக்கம்மா. கம்பெனிதான் எதிர்ப்பக்கம்."

எதிரி ஒரே பக்கம் என்று சொன்னால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். அவர் போன பிறகு ஆப்பிளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். அழுகல் இல்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது.

கம்பெனியின் பதிலை எங்கள் வக்கீலம்மா படித்துச் சொன்னார். அவர் வீடு அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கம். ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். பாலிசியில் முன்பக்கம் தருவதாகச் சொன்னதையெல்லாம் பின்பக்கம் 'இவற்றுக்குப் பொருந்தாது' என்று ஒரு பட்டியல் போட்டுப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டியலில் ஒன்று: மருத்துவப் பட்டம் இல்லாதவர் செய்த சிகிச்சைக்குப் பாலிசி பொருந்தாது. கை தைத்த அந்த வாரம் செவ்வாய்க்கிழமை முதல் மூன்று நாள் டாக்டர் ஊரில் இல்லை, சொந்தக்காரர் கல்யாணத்துக்காக வேலூரில் இருந்தார். அந்த மூன்று நாளும் க்ளினிக்கை நடத்தியது கம்பவுண்டர். ஆகவே கையைத் தைத்தது கம்பவுண்டர்தான் என்றது கம்பெனி. நாங்கள் மனுவில் சொன்னபடி க்ளினிக் சீட்டில் திங்கட்கிழமைத் தேதி இருந்தது உண்மை. ஆனால் அந்தத் தேதியில் ஒரு எண்ணின்மேல் இன்னொரு தடவை எழுதியிருந்தது. கம்பவுண்டரோ வேலையை விட்டுப் போய் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை.

"திங்கட்கிழமை உங்க வீட்டுக்காரர் க்ளினிக்குக்கே போகல, ஏரியில மீன் பிடிச்சிட்டிருந்தார்னு சொல்றாங்க. சாட்சியும் வெச்சிருக்காங்க" என்று ஒரு நகலை என் பக்கம் தள்ளினார்.

எங்கள் ஊர்ப் பாடு நோட்டின் ஒரு பக்கம் அது. திங்கட்கிழமை. எங்கள் படகு. என் வீட்டுக்காரர் பெயர், என் கொழுந்தன் பெயர். இரண்டுக்கும் நேராக நீல மையில் டிக்.

அந்த டிக் பொய் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அன்று என் வீட்டுக்காரர் பெயரில் படகில் போனது நான்.

பாடு என்றால் என்னவென்று திருவள்ளூரில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் சில உண்டு. அங்கே நினைத்தவன் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. ஊர் கூடி, குலுக்கிப் போட்டு, இன்ன நாள் இன்ன படகு என்று முறை வைத்திருக்கிறோம். அதுதான் பாடு. முறை ஒரு தடவை தப்பினால் மறுபடி சுற்றி வரப் பல நாள் ஆகும். பேர் உள்ள ஆளே போக வேண்டும். முடியாதவன் அடுத்த படகுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வேறு ஆளை அனுப்பினால் அந்தக் குடும்பத்தின் பாட்டையே நிறுத்திவிடுவார்கள். பாடு நாளில் பெண் படகில் கால் வைத்தால் வலையில் ஒன்றும் விழாது என்பது ஊரின் நம்பிக்கை. அன்று எங்கள் வலையில் கூடை கூடையாக இறால் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாமல் போனதுதான் துக்கம்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வலையை உதறும்போது திருக்கை மீனின் வால் முள் என் வீட்டுக்காரரின் வலது கையில் ஏறிவிட்டது. வெந்நீரில் கையை வைத்தோம், சுண்ணாம்பு தடவினோம், வீக்கம் குறையவில்லை. மறுநாள் எங்கள் பாடு. மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்து இறால் ஏறுகிற நேரம். கொழுந்தன் ஒருவனால் தனியே வலை கட்ட முடியாது. விட்டுக்கொடுக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான்தான் விடவில்லை. ஏரித் தீவான பசியாவரத்தில் பிறந்தவள் நான். படகும் கழியும் எனக்குப் புதிதில்லை. விடியுமுன் அவர் சட்டையைப் போட்டு, துண்டைத் தலையோடு சேர்த்து முகத்தை மறைத்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினேன். கரையில் நோட்டு எழுதுகிற மாமா நின்றிருந்தார். கொழுந்தன் இரண்டு பெயரையும் சொன்னான். மாமா டார்ச்சை ஒருமுறை அடித்துப் பார்த்தார், டிக் போட்டார், நாங்கள் போய்விட்டோம்.

அதே காலையில் என் வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, எங்கள் ஊரில் ஏறாமல் கோட்டைக்குப்பம் வரை நடந்து அங்கே ஷேர் ஆட்டோ பிடித்து க்ளினிக்குக்குப் போனார். ஊருக்கு நாங்கள் சொன்ன கதை: திங்கட்கிழமை பாட்டுக்குப் போனார், செவ்வாய்க்கிழமை திருக்கை குத்தியது. உள்ளே முள் முனை உடைந்து கிடந்ததைப் பார்க்காமலே டாக்டர் தைத்திருந்தார். கை அழுகி, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்தார்கள். செவ்வாய் என்று ஊர் நம்பியது. திங்களே தைத்தது என்று நான் மனுவில் எழுதினேன். ஊருக்கும் திருவள்ளூருக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருக்கிறது, இரண்டும் சந்திக்கவே சந்திக்காது என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

இப்போது யோசியுங்கள். உண்மையைச் சொன்னால் எங்கள் பாடு போகும். கொழுந்தன் பாட்டுக்குப் போய்க் கொண்டுவருவதில்தான் இரண்டு வீட்டிலும் உலை கொதித்துக்கொண்டிருந்தது. சொல்லாவிட்டால் நோட்டு பேசும். வலை பிடிக்க முடியாத ஒரு கை சும்மா போனதாகிவிடும். வக்கீலம்மாவும் அதைத்தான் சொன்னார்: "படகுல போனது யாருனு நீங்க சொல்லலைனா, அந்த டிக்தான் ஜெயிக்கும்." யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். போன தடவை எதிர் வக்கீலோடு இவர் டீ குடித்ததைப் பார்த்திருந்தேன். இவர் யார் பக்கம் என்றுகூட அன்று யோசித்தேன்.

ஆனால் என்னை அரித்தது வேறு ஒரு கேள்வி. நோட்டு மாமாவின் பெட்டியில் பூட்டிக் கிடக்கிற நோட்டின் நகல் கம்பெனியிடம் எப்படிப் போனது? பூட்டும் அவருடையது, சாவியும் அவருடையது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? கம்பெனி ஆள் ஏதாவது கொடுத்திருப்பான், இவர் நீட்டியிருப்பார் என்று முடிவு கட்டினேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "உடு, பெரிய மனுசன் அப்படிச் செய்ய மாட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானை இடது கையால் போடப் பழகிக்கொண்டிருந்தார். நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. சாப்பிடுவதிலிருந்து கையெழுத்து வரை அவருக்கு இடது கையைப் பழக்கியவள் நான்தான்.

அன்றிலிருந்து மாமா எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பேத்தி சடங்குக்குப் போகவில்லை. அவர் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், ஒருநாள் தூக்குச் சட்டி நிறைய நண்டுக் குழம்பு அனுப்பினாள், நோயாளி வாய்க்கு நன்றாக இருக்கும் என்று. அதை நாய்க்கு ஊற்றினேன். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். இரண்டு கருவாடாவது, ஒரு பிடி உப்பாவது போட்டுத்தான் தருவோம். நான் வேண்டுமென்றே கழுவித் துடைத்து வெறும் சட்டியை அனுப்பினேன். அத்தை அதைத் திறந்து பார்த்த முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லையே என்று அப்போது வருத்தப்பட்டேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

ஒரு வருஷம் இப்படியே போனது. ஆணையத்தில் எல்லாம் தாளிலேயே நடக்கும். அவர்கள் ஒரு தாள், நாங்கள் ஒரு தாள். கடைசியில் ஆணையத்தின் தலைவர், இந்த விஷயத்தைத் தாளில் தீர்க்க முடியாது, புருஷனும் பெண்டாட்டியும் நேரில் வரட்டும் என்றார். பொன்னேரியில் பஸ் மாறித் திருவள்ளூர் போய்ச் சேரும்வரை எனக்கு முடிவு தெரியாது. கொழுந்தன் மட்டும் புறப்படும்போது சொன்னான்: "அண்ணி, அண்ணன் கைய நெனச்சுக்கோ. பாட்ட நெனைக்காத." அவனையும் நான் அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், பாட்டைக் காப்பாற்ற என்னைத் தடுப்பான் என்று.

ஆணையத்தில் கம்பெனித் தரப்பு எதிர் வக்கீல் இன்னொரு தாளை எடுத்தார். கம்பெனி ஆள் விசாரித்தபோது என் வீட்டுக்காரரே கொடுத்த வாக்குமூலம் என்றார். 'திங்கட்கிழமை நான் பாட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமைதான் திருக்கை குத்தியது.' கீழே இடது கைப் பெருவிரல் ரேகை.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

தலைவர் கேட்கக் கேட்க அவர் சொன்னார். நான் பொன்னேரிக்கு மீன் விற்கப் போயிருந்த ஒரு நாள், ஊனமுற்றவர் உதவித்தொகைக்காக விசாரிக்க வந்திருக்கிறேன் என்று ஒருவன் வந்தானாம். ஏலக் கொட்டகையில் ஊர்ப் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, எந்த நாள் வரை வேலைக்குப் போனாய் என்று கேட்டானாம். அத்தனை பேர் முன்னால் திங்கட்கிழமை நான் போகவில்லை என்று எப்படிச் சொல்வது? போனேன் என்றார். நோட்டில் இருக்கிறதா என்று அவன் கேட்க, இவரே மாமாவைக் காட்டச் சொன்னார். அவன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, ரேகை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு வந்த கோபத்தில் எல்லாம் மறந்துவிட்டது. எழுந்து நின்று, திங்கட்கிழமை படகில் போனது நான் என்று சொன்னேன். சட்டை, துண்டு, டார்ச், இறால், எல்லாவற்றையும் சொன்னேன்.

எதிர் வக்கீல் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் கேட்டார்: "சொந்த ஊரையே ஏமாத்தினதா நீங்களே சொல்றீங்க. இங்க மட்டும் உண்மை சொல்றீங்கனு எப்படி நம்புறது?"

"ஊர ஏமாத்துனா ஒரு பாடு கெடைக்கும்னு ஏமாத்தினேன் சார். இங்க இதச் சொன்னா எல்லாப் பாடும் பூடும். பொய் சொல்றவ இன்னாத்துக்கு சார் இதச் சொல்லணும்?"

அவர் எதையோ குறித்துக்கொண்டார். தைத்தது யார் என்று நான் பார்த்தேனா என்று கேட்டார். பார்க்கவில்லை, நான் ஏரியில் இருந்தேன் என்றேன். அந்தச் சந்தேகம் எனக்கும் உள்ளுக்குள் இருந்தது. தலைவர் என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். அவர் யோசித்து, டாக்டர்தான் தைத்தார், ஆனால் தைத்து முடிக்கும்வரை போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார் என்றார். கல்யாணச் சமையல்காரன் வர முடியாது என்று சொல்லிவிட்டானாம். நாளைக் காலைக்குள் வேறு ஆள் பிடித்தாக வேண்டும் என்று யாரையோ திட்டினாராம். கையைச் சரியாகக் குனிந்துகூடப் பார்க்கவில்லையாம்.

டாக்டரின் முகம் செத்துப்போனது. இத்தனை நாளும் கவனமாகத்தான் தைத்தேன் என்று சாதித்தவர் அவர். கவனமாகத் தைத்தேன் என்றால், யாரும் செய்யாத தப்புக்குக் கம்பெனி கொடுக்காது. நான் தைக்கவில்லை என்றாலும் கொடுக்காது. கவனமில்லாமல் நானே தைத்தேன் என்று சொன்னால் மட்டும்தான் கொடுக்கும். கடைசியில் டாக்டர், ஆமாம், சமையல்காரன் வரவில்லை என்றார். முதல் தடவையாக அவர் சொன்னதை நான் நம்பினேன்.

திரும்பி வரும்போது பொன்னேரியில் பஸ் மாறி உட்கார்ந்தோம். பிறகு கேட்டேன், நான் மாமாவைச் சந்தேகப்பட்டுக் கரித்துக் கொட்டியதை ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாயே, உனக்கு வாய் இல்லையா என்று.

"ஊர்ல எல்லாரையும் சந்தேகப்பட்ட. நீ நம்புறதுக்குனு மிச்சம் நான் ஒருத்தன்தான் இருந்தேன். அதையும் வுட மனசு வரல" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊர்க் கூட்டம் அடுத்த வாரமே போட்டார்கள். ஏலக் கொட்டகையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், நான் தூணோரம் நின்றேன். அவர்கள் கேட்பதற்கு முன்பே தப்பை ஒப்புக்கொண்டேன். ஒரு முழுச் சுற்று எங்கள் குடும்பத்துக்குப் பாடு கிடையாது என்றார்கள். எதிர்பார்த்ததுதான். பிறகு நோட்டு மாமாவிடம், தெரியாமல் போட்ட அந்த டிக்கை அழித்துவிடுங்கள் என்றார்கள்.

மாமா நோட்டைத் திறக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாம போட்டது இல்ல அது" என்றார். "நம்ம ஊர்ல எல்லாரும் கழிய வலப்பக்கம் ஊணித்தான் படகத் தள்ளுவான். அன்னிக்கு அந்தப் படகு எடப்பக்கம் ஊணிக்கினு போச்சு. இந்த ஊர்ல எடக்கைக்காரி யாருனு எனுக்குத் தெரியாதா? டார்ச்ச அடிச்சேன், கால்ல மெட்டி இருந்துச்சு. அவன் கை வீங்கிக் கீதுனு மொத நாளே கேள்விப்பட்டேன். பொழைக்கட்டும்னு டிக்கப் போட்டேன்."

துண்டைக் கட்டிய நான் மெட்டியைக் கழற்ற மறந்திருக்கிறேன். முகத்தை மறைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன். மாமா சும்மா இருந்திருக்கலாம். தெரியாமல் நடந்துவிட்டது என்று ஊரே அவருக்கு வழிவிட்டிருந்தது. ஏன் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அவரை எப்படிப் பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நோட்டை வாங்கி வேறு ஒருவரிடம் கொடுத்தார்கள். மாமாவின் மகன்களுடைய பாட்டையும் ஒரு சுற்றுக்கு நிறுத்தினார்கள். மாமா எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, என்னைத் தாண்டித்தான் போனார். நான் அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

ஆணையத்தின் உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. டாக்டரின் தப்புதான், அதைச் செய்தது டாக்டரேதான், கம்பெனி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கம்பெனி அப்பீல் போகாமல் கொடுத்துவிட்டது. ஏன் போகவில்லை என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. வக்கீலம்மாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் நல்லதாக ஒரு குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள் என்றார்.

மடவை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். ஆனால் நாங்கள் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு தூக்குச் சட்டி நிறைய எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா வீட்டில் இல்லை. அத்தை வாசலில் வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தாள். எதை எதையோ சொல்ல நினைத்துப் போனேன், "அத்தை, கொயம்பு" என்று மட்டும்தான் வந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு சட்டியை வாங்கினாள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதுவே போதும் என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.

மறுநாள் காலையில் அவள் பேத்தி சட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். மூடியைத் திறந்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்திருந்தது. கையை உள்ளே விட்டுத் தடவியும் பார்த்தேன். ஒரு கல் உப்புகூட இல்லை.